செண்பகவடிவுக்கு எங்கள் ஊர் போட்ட வரிசை

பீடி சுற்றும் கைக்குக் கண் தேவையில்லை, காதோ சும்மாதான் கிடக்கும், அந்தக் காதுக்கு ஒரு வேலை கொடுக்கலாமே என்றுதான் உடைமரத்தூர்ப் பெண்கள் நாங்கள் பதினைந்து பேரும் ஊர்ப் படிப்பகத்துக் கூடத்தில் வட்டமாக உட்கார்ந்து, மடியில் பீடித் தட்டை வைத்துக்கொண்டு, நடுவில் பேச்சித்தாயை உட்கார்த்தி, காலை ஒன்பது மணியிலிருந்து விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் அவளைக் கதை வாசிக்கச் சொல்லிக் கேட்டோம். எட்டாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் அவள் குரலில் அழுகிற இடம் அழும், திட்டுகிற இடம் திட்டும். அவள் வாசிக்கிற நேரத்துக்கு அவள் பங்குப் பீடியை ஆளுக்கொரு கட்டாக நாங்கள் சுற்றிப் போட்டுவிடுவோம். அதற்குப் பதிலாக அவளுக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு: எங்களுக்கு முந்தி ஒரு வரிகூடத் தனியாகப் படிக்கக் கூடாது. அடுத்த பக்கத்தை வீட்டில் வைத்துத் திருட்டுத்தனமாகப் புரட்டுகிறவளை எங்கள் ஊரில் மனுஷியாகவே சேர்க்க மாட்டோம்.

எங்களுக்கென்று ஐந்து புத்தகங்கள் இருந்தன. உலகுடையான் என்ற பெயரில் ஒரு தாலுகா ஆபீஸ் குமாஸ்தா, இப்போது நின்றுபோன ஒரு வாரப் பத்திரிகையில், பன்னிரண்டு வருஷம் விட்டு விட்டு எழுதிய செண்பகவடிவு கதைகள் அவை. அவர் போய்ச் சேர்ந்தார், பத்திரிகையும் அவரோடு போனது, புத்தகமாக எவரும் போடவில்லை. ஆனால் எங்கள் மைதீன்பாத்து, அப்போது கல்யாணமாகாத பெண், வாராவாரம் அந்தப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, ஒரு கதை முடிந்ததும் பீடி கட்டுகிற ரோஸ் நூலால் தைத்து, காலண்டர் அட்டை போட்டு ஐந்து பாகமாக்கி வைத்திருந்தாள். அதோடு விட்டிருக்கலாம். இலை வெட்டிப் பழகிய எங்களுக்குக் கோணல் ஓரம் கண்ணில் பட்டால் சோறு இறங்காது. அவளும், இலையை அளவாக வெட்ட வைக்கிற தகட்டை ஓரத்தில் அழுத்தி, இலைக் கத்திரியைப் போட்டு, பக்கங்களின் மூன்று ஓரத்தையும் சீராக நறுக்கித் தள்ளிவிட்டாள். நறுக்கின ஓரத்தில்தான் தேதி இருந்தது, வருஷம் இருந்தது, இது செண்பகவடிவின் இத்தனையாவது கதை என்று பத்திரிகைக்காரர்கள் போட்ட வரியும் இருந்தது. ஐந்தும் பார்க்க லட்சணமாக இருந்தன, எது முதல் எது அடுத்தது என்று சொல்லத்தான் ஆளில்லை.

"எத மொதல்ல தச்சேன்னு எனக்கே நெனவில்ல மதினி," என்றாள் மைதீன்பாத்து, இப்போது அறுபது வயதில். "ஓரம் ஒண்ணுபோல இருக்கா இல்லியா, அதச் சொல்லுங்க."

பேச்சித்தாய் மெலிந்ததாகப் பார்த்து ஒன்றை எடுத்தாள். 'சாலைக்கு வந்தவள்' என்று பெயர். முப்பத்தெட்டு வயசுச் செண்பகவடிவு அண்ணன் வீட்டில் வடித்துக் கொட்டி, தேய்த்துக் கவிழ்த்தி, ஒரு நாள் காலை கொதிக்கிற உலையை இறக்கி வைத்துவிட்டு, டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு வந்து, வந்த பஸ்ஸில் ஏறுகிறாள். "எங்கம்மா போகணும்?" என்று கண்டக்டர் கேட்கிறார். அதோடு கதை நின்றுபோயிற்று. பதில் இல்லை, அதற்குக் கீழே பாதிப் பக்கம் வெள்ளையாகக் கிடந்தது, முற்றும் என்ற சொல்கூட இல்லை. நாங்கள் உலகுடையானை வாய் வலிக்கத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் பத்து நாற்பது வண்டியில் அவள் வந்து இறங்கினாள். எங்கள் ஊர்தான் அந்த வண்டிக்குக் கடைசி, எல்லையில் நிற்கிற உடைமரத்தைச் சுற்றிக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போகும். புத்தகத்தில் சொன்ன அதே பச்சைப் பெட்டி, அதே கிழிசல் செருப்பு, இடது புருவத்தில் அதே தழும்பு. விசாரிக்காமல் நேரே கூடத்துக்கு வந்து வாசலில் நின்றாள். மைதீன்பாத்து நகர்ந்து இடம் விட்டாள்.

"அண்ணன் வீட்டுல சொல்லிட்டு வந்தியா?"

"இல்லக்கா."

"நல்லதாப் போச்சு. எல வெட்டத் தெரியுமா?"

தெரியாது என்றாள், கற்றுக்கொடுத்தோம், சாயங்காலத்துக்குள் பீடி முனை மடக்கப் பழகிவிட்டாள். பஞ்சாயத்து கிளார்க் வந்து பிறந்த தேதி கேட்டார், உலகுடையான் எங்கேயும் எழுதவில்லை என்று சொன்னோம், சரி என்று ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார். டீக்கடையில் ஆண்கள் இரண்டு நாள் அவளைப் பற்றிப் பேசினார்கள், மூன்றாம் நாள் டிரான்ஸ்பார்மர் வெடித்தது, அதைப் பேசப் போய்விட்டார்கள். மூன்று மாதம் அவள் எங்களோடு சிரித்தாள், சண்டை போட்டாள், சினிமாவுக்கு வந்தாள். ஒரு கதையிலிருந்து வந்தவள் என்பது எங்களுக்கு மறந்தே போயிற்று.

அடுத்ததாகப் பேச்சித்தாய் தடித்த புத்தகம் ஒன்றை எடுத்தாள். 'மாலை மாற்றிய நாள்'. முதல் அத்தியாயம் வாசித்த மறுநாள் காலை செண்பகவடிவு இருபத்தொரு வயசுப் பெண்ணாக எழுந்து, நேற்றுப் போட்டிருந்த ரவிக்கை தொளதொளக்க, வெட்கத்தோடு பல் விளக்க வந்தாள். எங்களில் ஒருத்தியும் கூச்சல் போடவில்லை, ரவிக்கையைப் பிடித்துக் கொடுக்க ஊசி எங்கே என்றுதான் தேடினோம். மூன்றாம் அத்தியாயத்தில் மாப்பிள்ளை வேலாண்டி பத்து நாற்பதில் வந்து இறங்கினான், எழுதியிருந்த உயரம், எழுதியிருந்த மீசை. ஊர் கூடிப் பந்தல் போட்டோம், மைதீன்பாத்து வீட்டில் பிரியாணி, சவுரியம்மாள் வீட்டில் முறுக்கு. அத்தியாயத்துக்கு ஒரு மாதமாக வயிறு வளர்ந்தது. கடைசி அத்தியாயத்தில் அவள் ஏழு மாதமாக இருக்கும்போது, கப்பல் வேலை என்று சொல்லி வேலாண்டி அதே வண்டியில் ஏறினான். சட்டையைப் பிடித்து இழுத்தோம். "எளுதியிருக்கே, நான் என்னக்கா செய்ய?" என்று அவனும் அழுதான். போய்விட்டான். கீழே முற்றும் என்று போட்டிருந்தது.

முற்றும் போட்ட இடத்திலேயே அவள் நின்றுவிட்டாள். எட்டாம் மாதம் வரவில்லை, ஒன்பதாம் மாதம் வரவில்லை, சீமந்தப் பூ தலையில் வாடவில்லை. நர்ஸம்மா வாரம் ஒரு தரம் வந்து காது வைத்துக் கேட்டுவிட்டு, "புள்ள நல்லா இருக்கு, நாள்தான் நவர மாட்டேங்கு," என்றாள். மெலிந்த புத்தகம் அவளை ஏன் எங்களோடு சினிமாவுக்கு விட்டது, தடித்த புத்தகம் ஏன் கட்டிப் போட்டது என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அந்த ஒன்றில்தான் முற்றும் இல்லை.

"எக்கா, இடுப்பு வுட்டுப்போச்சு," என்றாள் செண்பகவடிவு. "அடுத்தத எடுங்க, நான் பெத்துக்கிடுதேன்."

அவசரத்தில் எடுத்தோம். ஓரம் நறுக்கிய ஐந்தும் ஒன்றுபோல இருந்ததால் வந்த வினை அது. எடுத்த புத்தகத்தின் பெயர் 'புளியமரத்துப் பள்ளிக்கூடம்'. மறுநாள் காலையில் படிப்பகத்து வாசலில் ஒன்பது வயசுச் சிறுமி ஒருத்தி பாவாடையைச் செருகிக்கொண்டு நின்றாள், இடது புருவத்தில் தழும்பு இருந்த இடத்தில் புதுக் காயம், ரத்தம் காயாமல் இருந்தது. எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நாங்கள் வாசித்த ஒன்றையும் அவள் மறந்திருக்கவில்லை.

"எக்கா," என்றாள் அந்தச் சின்னக் குரலில், "எம் வயித்துல இருந்த புள்ள எங்க?"

உடைமரத்தூரில் பதினைந்து ஜோடிக் கையும் ஒரே நேரத்தில் நின்றது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகுதான் எந்த வரிசையில் வாசிப்பது என்பது எங்கள் ஊரில் சோறு தண்ணீர் மாதிரி அவசரமான விஷயமாயிற்று. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஞானசிகாமணி சாரைக் கூப்பிட்டோம். எந்தத் தொடர்கதை எந்த வாரம் தொடங்கியது, எந்த வாரம் முடிந்தது என்று வாழ்நாள் முழுக்க நோட்டுப் போட்டு எழுதி வைத்த மனிதர். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசித்தார்: முதலில் எழுதியது 'சாலைக்கு வந்தவள்', பிறகு 'புளியமரத்துப் பள்ளிக்கூடம்', பிறகு 'மாலை மாற்றிய நாள்', பிறகு 'தொட்டில் கயிறு', கடைசியில் 'ஐப்பசி வெள்ளம்'.

"எழுதினவர் எழுதின வரிசைதான் வரிசை. அதை மாத்த நமக்கு என்ன உரிமை?" என்றார்.

சவுரியம்மாளுக்கு வந்ததே கோபம். அவள் கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவள், எதிலும் முறை பார்ப்பவள். "முப்பத்தெட்டு வயசுல பஸ் ஏறிட்டு அப்புறம் ஒம்பது வயசுல பள்ளிக்கூடம் போவாளா? மனுசி பொறப்பா, வளருவா, கட்டிக் குடுப்போம், பெறுவா, அப்புறம்தான் பஸ் ஏறுவா. வயசு வரிசதான் சார் வரிச."

ஊர் இரண்டாகப் பிரிந்தது. எழுதின வரிசைக்காரர்கள் டீக்கடையில் கிழக்கே பார்த்து உட்கார்ந்தார்கள், வயசு வரிசைக்காரர்கள் மேற்கே பார்த்து உட்கார்ந்தார்கள், இரண்டு பக்கமும் சம்பந்தம் வைத்திருந்த வீடுகளில் சாப்பாடு தாமதமானது. நாலு நாள் கழித்து, எந்தக் கதையில் அவளுக்கு எத்தனை வயசு என்று சாரிடம் கேட்டபோதுதான், இரண்டு வரிசையும் ஒரே புத்தகத்தில் போய் முடிகிறது என்பதைப் பேச்சித்தாய் கவனித்தாள்.

"ரெண்டுலயும் கடைசி வெள்ளந்தான. அதுல என்ன சார் வருது?"

சார் நோட்டை மூடினார். நாங்கள் வழக்கப்படி காதைப் பொத்திக்கொண்டோம், முந்தித் தெரிந்துகொள்வது பாவம். ஆனால் அந்த ஒன்பது வயசுப் பிள்ளை சாரின் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு, "சொல்லுங்க சார். எங் கததான," என்றாள். அவர் கீழே குனிந்து, மெதுவாக, எல்லோருக்கும் கேட்கிறபடிதான் சொன்னார்: "ஒனக்கு ஒரு மக பொறப்பாம்மா. அவளத் தூக்கிட்டுப் போயிருவாங்க. அறுபத்தோரு வயசுல, வெள்ளம் வந்த வாரம், அவ ஒன்னத் தேடி வருவா. மூணு நாள் கூட இருப்பா. அப்புறம் நீ செத்துப்போவே."

பிள்ளை மூன்று விரலை நீட்டிப் பார்த்தது. "மூணு நாளா?" என்றது. பிறகு, "சரி, மொதல்ல அவளப் பெறணும். படிங்க," என்றது.

'தொட்டில் கயிறு' எந்த வரிசைப்படி பார்த்தாலும் வாசித்தே ஆக வேண்டிய புத்தகம். வாசித்தோம். இருபத்திரண்டு வயதில் அவள் பெற்றாள், எங்கள் கூடத்து உத்தரத்தில்தான் தொட்டில் கட்டினோம். பிள்ளைக்கு இசக்கி என்று புத்தகம் பெயர் வைத்தது, நாங்கள் பதினைந்து செல்லப் பெயர் வைத்தோம். இரண்டரை வயசில் இசக்கி புகையிலைத் தூளை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு அழுததும், அதற்குப் பதினைந்து பேரும் அலறியதும் எந்த அத்தியாயத்திலும் இல்லை, அது எங்களுடையது. கடைசி அத்தியாயத்தில் வேலாண்டியின் அக்கா பம்பாயிலிருந்து வந்தாள், வரிகள் சொன்னபடியே பிள்ளையை வாரித் தூக்கினாள், பஸ்ஸில் ஏறினாள். நாங்கள் கை கோத்து வண்டிக்கு முன்னால் நின்றோம். டிரைவர் எஞ்சினை அணைத்தார். பேச்சித்தாய் கடைசி வரியை வாசிக்க மாட்டேன் என்று வாயை மூடிக்கொண்டாள். அரை மணி நேரம் அப்படியே நின்றோம், பஸ்ஸுக்குள் இசக்கியின் அழுகை பாதியில் மாட்டிக்கொண்டு, மூச்சும் எடுக்காமல், முடியவும் முடியாமல், ஒரே சுருதியில் நின்றது. தாங்க முடியவில்லை. "படிச்சிருங்கக்கா, எம் புள்ள மூச்சு வுடட்டும்," என்று செண்பகவடிவே சொன்னாள். பேச்சித்தாய் வாசித்தாள். நாங்கள் கை கோத்தபடியே வெறும் ரோட்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தோம், வண்டி வளைவைத் தாண்டியிருந்தது.

பிள்ளைக்குக் கொடுக்க ஆற்றிக்கொண்டிருந்த பால் டம்ளரோடு அவள் பஸ் ஸ்டாப்பில் நின்றாள். முற்றும் அங்கேதான் விழுந்திருந்தது. அந்த டம்ளரைக் கீழே வைக்க அவளால் முடியவில்லை, பால் ஆறவில்லை, திரியவில்லை. நாற்பது நாள் நின்றாள். ஊர் அதற்கும் பழகிக்கொண்டது: முறை வைத்துக் குடை பிடித்தோம், சவுரியம்மாள் தலை வாரிவிட்டாள், தட்டுகளை எடுத்துக்கொண்டு உடைமரத்து நிழலுக்கே போய்ப் பீடி சுற்றினோம், டிரைவர்கள் திரும்பும்போது அவளுக்காக ஹாரன் அடிக்காமல் போனார்கள்.

சவுரியம்மாள் இப்போது கட்சி மாறியிருந்தாள். "வெள்ளப் பொஸ்தகத்தத் தொடவே கூடாது. நின்னா நிக்கட்டும், உசிரோட நிக்காள்லா. நான் சாகுற வரைக்கும் கொட புடிக்கேன்."

"எக்கா," என்றாள் செண்பகவடிவு, "ஒங்களுக்குக் கையெடுத்துக் கும்பிடணும், டம்ளர் வுட மாட்டேங்கு. எனக்கு எம் மவளப் பாக்கணும். மூணு நாளுன்னாலும் பாக்கணும்."

அன்றைக்குப் பேச்சித்தாய் பீடியும் சுற்றவில்லை, வாசிக்கவுமில்லை. மெலிந்த புத்தகத்தை மடியில் வைத்து, எல்லோர் முன்னிலையிலும், முதல் வரியிலிருந்து விரல் வைத்துத் தேடிக்கொண்டே போனாள். மத்தியானம் ஞானசிகாமணி சார் குடை பிடிக்கிற முறைக்கு வந்தார்.

"சார், இதுல இசக்கி பேரே இல்லியே. முப்பத்தெட்டு வயசுக்காரி, பறி குடுத்த புள்ளைய ஒரு வரி நெனைக்கவே இல்லியே?"

"அது ஒரு குறைதாம்மா. முதல்ல எழுதினது அது. அப்ப அவருக்கு மகள்ங்கிற யோசனையே வரல. அப்புறம் சேத்தார், பழசத் திருத்த மறந்துட்டார். நான்கூட அப்பவே கார்டு போட்டேன்."

"அப்ப இந்தப் பொஸ்தகத்தால இசக்கிய ஒண்ணும் செய்ய முடியாது?"

"என்ன கேக்குற?"

"வெள்ளத்தப் படிச்சா இசக்கி வருவா, அவ அம்மா போயிருவா. அதுக்கு மேல இதப் படிச்சா அவ அம்மா பஸ்ஸுல வருவா. இசக்கிய அனுப்ப இதுல வரியே இல்ல. முற்றும் கெடையாது, புடிச்சு நிறுத்தவும் ஆளில்ல. பள்ளிக்கூடம், கல்யாணம், தொட்டிலு, வெள்ளம், கடைசில பஸ்ஸு. ஆச்சா?"

சார் குடையைப் பிடித்தபடி வெயிலில் நின்றார், குடை செண்பகவடிவுக்கு மேலே இருந்தது. "செத்தவ அப்புறம் எப்பிடிம்மா பஸ் ஏறுவா? அது எழுதின வரிசையும் இல்ல, வயசு வரிசையும் இல்ல."

"அவளுக்கு வேண்டிய வரிச," என்றாள் பேச்சித்தாய்.

ஒரு தரம் வாசித்ததையே மறுபடி வாசித்தால் வருவாளா, செத்தபின் வாசித்தால் வருவாளா, ஒருவருக்கும் தெரியாது. வராவிட்டால் போனது போனதுதான். செண்பகவடிவிடம் கேட்டோம். பாலைப் பார்த்துக்கொண்டே, "நடுங்கத்தான் செய்யுது. ஆனாலும் படிங்க," என்றாள். சவுரியம்மாள் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனாள்.

'ஐப்பசி வெள்ளம்' தொடங்கியது சித்திரை மாதத்தில். இரண்டாம் பக்கத்தில் மேகம் திரண்டது, நாலாம் பக்கத்தில் ஓடை வந்தது. செண்பகவடிவு நரைத்து, கூன் விழுந்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கையை உதறிக்கொண்டாள். விவசாயிகள் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்து, "தாயி, அந்த மழ அத்தியாயத்த இன்னொரு தரம் படிங்க, பெரிய கொளம் நெறையல," என்று கெஞ்சினார்கள். இரண்டு தரம் படித்தோம், குளம் நிறைந்து வழிந்து மறுகால் போயிற்று. பத்து நாற்பது வண்டியிலிருந்து முப்பத்தொன்பது வயசுப் பெண் ஒருத்தி, காதோரம் நரையோடு, முழங்கால் தண்ணீரில் இறங்கி நடந்து வந்தாள். புகையிலை வாசனை பட்டதும் மூக்கைச் சுருக்கினாள், பிறகு வாய்விட்டு அழுதாள். "இந்த வாசன எனக்குத் தெரியும்," என்றாள். அது எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்கவில்லை.

மூன்று நாள். அம்மாவும் மகளும் பேசியதில் பாதிதான் புத்தகத்தில் இருந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் செண்பகவடிவு குளிர் கண்டு, இசக்கியின் மடியில் தலை வைத்தபடி போனாள். இரண்டே வரியில் முடித்திருந்தார் உலகுடையான். பத்திரிகை நிற்கப் போகிற அவசரம் அவருக்கு. இத்தனை பாடுபட்டவளுக்கு இரண்டு வரியா என்று எனக்கு இன்னும் ஆறவில்லை. மிச்சத்தை நாங்கள் பாடினோம், பதினைந்து பேரும் தலைவிரிகோலமாக, ஒப்பாரி தெரிந்தவளும் தெரியாதவளுமாக, மாலை மங்குகிற வரை. மறுநாள் காலை எடுத்தோம். இசக்கி நடந்தாள், கேட்டதற்குத் தலையாட்டினாள், ஆனால் அவள் இரண்டு உள்ளங்கையும் அம்மாவின் தலையைத் தாங்கியபடியே வளைந்து நின்றுபோயின. மூட முடியவில்லை, விரிக்க முடியவில்லை.

ஊரில் சாவு விழுந்து துட்டி நடந்தால் பதினாறு நாள் கூடத்தில் புத்தகம் திறப்பதில்லை என்பது எங்கள் வழக்கம். ஊர்ப் பெரியவர்கள் வந்து அதைத்தான் சொன்னார்கள். பேச்சித்தாய்க்கோ அழுது அழுது குரலே இல்லை. அப்போதுதான் சவுரியம்மாள் முன்னால் வந்தாள். இசக்கியின் கைகளைப் பார்த்தாள். கூடத்துக் கதவை அவளே திறந்தாள்.

"பதினாறு நாளு இந்தப் புள்ள கைய இப்பிடியே வச்சிருக்கணுமா? எடு பொஸ்தகத்த. பேச்சிக்குத் தொண்ட போனா என்ன, எனக்கிருக்கு."

பதினைந்து பேரும் பக்கம் பக்கமாகப் பங்கு போட்டு வாசித்தோம். சவுரியம்மாள் வேதம் வாசிக்கிற ராகத்தில் வாசித்தாள், மைதீன்பாத்து தான் நறுக்கிய ஓரத்தைத் தடவிக்கொண்டே வாசித்தாள், முதியோர் கல்வியில் கற்றுக்கொண்டவர்கள் எழுத்துக் கூட்டி, வியர்த்து, ஒரு பக்கத்துக்கு அரை மணி எடுத்து வாசித்தார்கள், நான் என் பங்கில் இரண்டு இடத்தில் தடுக்கினேன். எல்லாத் தட்டும் சுவரோரம் கவிழ்ந்து கிடந்தன. அன்று சாயங்காலம் வரை வாசித்து, மறுநாள் காலையில் தொடர்ந்து, உலையை இறக்கி வைத்து, பெட்டியைத் தூக்கி, சாலைக்கு வந்து, வண்டியில் ஏற்றி, "எங்கம்மா போகணும்?" என்ற கடைசி வரிக்கு வந்தபோது மணி பத்தரை. அந்த வரியைத் தானே வாசிப்பேன் என்று பேச்சித்தாய் கை காட்டினாள். காற்றாகத்தான் வந்தது, ஆனாலும் வாசித்தாள்.

இசக்கியை நடுவில் விட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனோம். ஊரே வந்திருந்தது. கிழக்கே பார்த்தவர்களும் மேற்கே பார்த்தவர்களும் ஒரே ரோட்டைப் பார்த்து நின்றார்கள். பத்து நாற்பது ஆயிற்று, வண்டி வரவில்லை. பத்தே முக்கால். பத்து ஐம்பது. ஞானசிகாமணி சார் கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்டார். பதினொன்றுக்கு வளைவில் புழுதி தெரிந்தது. வண்டி வந்தது, உடைமரத்தைச் சுற்றியது, நின்றது. சந்தைக்குப் போய்விட்டு வந்த இரண்டு பேர் இறங்கினார்கள். அப்புறம் ஒருத்தரும் இறங்கவில்லை. என் பக்கத்தில் நின்ற சவுரியம்மாள் என் முழங்கையை நகம் பதியப் பிடித்தாள்.

அப்போது உள்ளேயிருந்து கண்டக்டர் கேட்பது எல்லோருக்கும் கேட்டது.

"எங்கம்மா போகணும்? கடைசி ஸ்டாப்பே வந்தாச்சு, இன்னும் சொல்லலியே?"

ஒரு நொடி. பாதிப் பக்க வெள்ளைத் தாள் மாதிரி ஒரு நொடி.

"வந்துட்டேன் தம்பி. அந்தா நிக்காள்லா எம் மவ, அவ நிக்குற எடந்தான்."

பச்சைப் பெட்டி முதலில் வந்தது, பிறகு கிழிசல் செருப்பு, பிறகு முப்பத்தெட்டு வயசுச் செண்பகவடிவு, நிமிர்ந்து, கருத்த முடியோடு. முப்பத்தொன்பது வயசு மகளை மேலும் கீழும் பார்த்தாள். அம்மாவைவிட மகள் ஒரு வயசு மூத்தவளாக நின்றாள்.

"ஏட்டி, எனக்கு முந்தி நரச்சுட்டியே."

"நேத்துதானம்மா ஒன்ன எடுத்தோம்," என்றாள் இசக்கி. அவள் கைகள் இன்னும் வளைந்தே இருந்தன.

"தெரியும். குளிருச்சு. இப்ப இதப் புடி, கனக்கு," என்று பெட்டியை அந்தக் கைகளுக்குள் வைத்தாள். விரல்கள் மெதுவாக மடங்கின, பெட்டியின் பிடியை இறுக்கிப் பிடித்தன.

சவுரியம்மாள்தான் முதலில் குலவை போட்டாள், அந்தப் பாடகர் குழுச் சவுரியம்மாள். பிறகு பதினைந்து பேரும் போட்டோம், தொண்டை இருந்தவளும் இல்லாதவளும். டிரைவர் ஹாரனில் கை வைத்தார், நாற்பது நாள் அடிக்காமல் வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து அடித்தார். நாங்கள் ஜெயித்தோம் என்று நான் கத்தினேன், எனக்கே தெரியாமல், வளர்ந்த பேரன் பேத்திகள் பார்க்கிறார்களே என்ற கூச்சமே இல்லாமல் கத்தினேன். ஞானசிகாமணி சார் நோட்டைத் திறந்து, எழுதின வரிசைக்கும் வயசு வரிசைக்கும் கீழே மூன்றாவதாக ஒரு வரிசை எழுதி, அதற்கு உடைமரத்தூர் வரிசை என்று தலைப்புப் போட்டார்.

பேச்சித்தாய் அவர் பென்சிலைக் கேட்டு வாங்கினாள். ரோட்டோரத்திலேயே உட்கார்ந்து, மெலிந்த புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை மடியில் விரித்து, கண்டக்டரின் கேள்விக்குக் கீழே இத்தனை வருஷமாக வெள்ளையாகக் கிடந்த இடத்தில், செண்பகவடிவு சொன்ன பதிலை ஒரு எழுத்து விடாமல் எழுதினாள். எழுதிவிட்டு எங்களை நிமிர்ந்து பார்த்தாள். முற்றும் போடவில்லை.